சாமை வேகும் நேரத்து வீட்டுப்பாடம்

சாமை உலையில் விழுந்து முதல் கொதி வரும்போது, நனைந்த கோணிப்பையைப் பிரித்தாற்போல ஒரு வாசனை எழும். மூன்றாம் வகுப்பில் என் வீட்டுப்பாடத்தின் வாசனையும் அதுதான். கல்வராயன் மலைக்குக் கீழே, வெள்ளிமலை பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் அஞ்சு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர் என்ன செய்வார் பாவம், எல்லோருக்கும் ஒரே வீட்டுப்பாடம்தான்: "பாடத்தப் பாத்து ரெண்டு தரம் எழுதிக்கினு வா."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் என் படிப்பை அடுப்பால் அளந்தாள். சோறு வேகுமுன் நான் நோட்டை மூடிவிட்டால் அன்றைய பாடம் "கம்மி". குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக் கிணற்றுக்கு நான் போக வேண்டும். சோற்றை இறக்கிய பின்னும் எழுதிக்கொண்டிருந்தால் பாடம் "ஜாஸ்தி". நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் களை பறித்த அம்மாவே குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொள்வாள். "நோவாம வந்தது நாளைக்கு நிக்காது" என்று அடிக்கடி சொல்வாள்.

எனக்கோ ஒன்றும் நோகவில்லை. ரெண்டு தரம் எழுதக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆகவே எழுதிய எழுத்தின் மேலேயே பென்சிலை ஓட்டினேன். எச்சில் தொட்டு அழித்து மறுபடி எழுதினேன். கூராக இருந்த பென்சிலை மேலும் சீவினேன். பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, உம் பொண்ணு குந்தின எடத்துல வேர் வுட்டுடப் போவுது" என்பாள். "படிப்புன்னா சும்மாவாக்கா, பாரம் ஜாஸ்தி" என்று அம்மா பெருமையாய்ச் சொல்லிவிட்டுப் படியிறங்குவாள். என் பொய்யைச் சுமந்ததெல்லாம் அவள் இடுப்புதான்.

மழை பிடித்துக்கொண்ட ஐப்பசியில், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வாசலிலேயே நின்று, "பொண்ணு எளைச்சிப் போவுதுங்க சார். பாடத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றாள்.

வாத்தியார் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இதுவாம்மா? பத்து நிமிஷ வேலை. உம் பொண்ணு கண்ண மூடிக்கினு எழுதிடுமே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதுகில் நாலு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவளோ வாத்தியார் பக்கம் திரும்பி, "அப்போ பத்தலீங்க சார். அதுக்கு நோவற மாரி ஏதாவது குடுங்க" என்றாள்.

வாத்தியாரின் சிரிப்பு நின்றது. அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, என் நோட்டில் நாலு வகுத்தல் கணக்குகள் எழுதினார்.

வீட்டுக்கு வந்து அம்மா உலை வைத்ததும் நானே போய்க் குடத்தை எடுத்தேன். அவள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "குந்து. இன்னிக்கிதான் பாடம் இருக்குது." சேற்றில் கால் வைத்து அவள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வகுத்து மீதி வந்த எண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தேன். அவள் நனைந்து திரும்பி, சோற்றை வடித்து, தட்டில் போட்டு மூடியும் வைத்துவிட்டாள். "ஆறிப் போவுதேம்மா" என்றேன். "ஆறட்டும்." மூன்று கணக்கு முடிந்தது. நாலாவது வரவேயில்லை. சரியா தப்பா என்று பார்க்க அவளுக்குத் தெரியாது. வியர்த்திருந்த என் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு தட்டைத் திறந்தாள்.

இன்று நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். அந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். ஊரில் குழாய் வந்துவிட்டது. அம்மா இல்லை. அரிசி குக்கரில் வேகிறது, என் மகளின் வீட்டுப்பாடம் செல்போனில் வருகிறது. அவளும் மூன்றாம் வகுப்பு. போன வாரம் மூன்று விசில் வந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். நோட்டில் கோடிட்ட இடமெல்லாம் நிரப்பியாகிவிட்டது. எழுதிய எழுத்தின் மேலேயே பென்சிலை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தாள். முடித்தால் பூண்டு உரிக்கச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு அம்மாவின் கண்ணில் நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று இத்தனை வருஷம் கழித்து அம்மா நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். பூண்டை நானே உரித்தேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்ததும் டீச்சர் கேட்டார்: "இன்னாங்க, பாடம் ஜாஸ்தியா இருக்குதா?"

"பத்தலீங்க" என்றேன்.