கரண்ட் போனதால் தப்பித்த கேமரா

சேவூரில் வீட்டிலிருந்தபடியே பட்டுப் புடவைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். என்னுடையது பழைய ஜூம் கேமரா. முழுப் புடவை அழகாக விழும். ஆனால் இப்போதெல்லாம் எல்லோரும் ஜரிகையைக் கிட்டத்தில் காட்டச் சொல்கிறார்கள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி ஜூம் செய்தால் ஜரிகை கலங்கித் தெரிந்தது. கேமராவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி, அதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க ஆரணிக் கடையில் பேசியும் வைத்தேன்.

கிளம்பும் நாள் காலை, அவசரமாகக் கேட்ட ஒருவருக்காகக் கடைசியாக ஒரு படம் எடுக்கப் போனேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்தேன். ஜரிகை இழை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கரண்ட் வந்ததும் மறுபடி எடுத்தேன். பழையபடி கலங்கல்.

"கேமரா நல்லாத்தான் கீது. இந்தத் தண்ணியப் பாரு" என்றார் அவர். மேஜைமேல் டம்ளரில் இருந்த தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. "பக்கத்துல தறி ஓடிகினு இருக்குது இல்ல, வீடே ஆடுது."

சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள்; கரண்ட் போனால் அவையும் நின்றுவிடும். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த அதிர்வு எங்களுக்கு உறைக்கவே இல்லை. புதுக் கேமராவிலும் இதே கலங்கல்தான் வந்திருக்கும்.

கடைக்குப் போகவில்லை. தறிக்கார அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "சாப்பாட்டு நேரத்துல தறி நிக்கும்மா, அப்ப எடுத்துக்கோ" என்றார். இப்போது அப்படித்தான் எடுக்கிறேன். நடுவில் கரண்ட் போனால் தெருவே பேஜாராகிப் புலம்புகிறது. நான் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன்.