ராயபுரத்து அம்மியை போலந்துக்கு அனுப்பிய ரொசாரியோ மாமா

ரொசாரியோ மாமா போய்விட்டார்...

இன்று காலை. மார்க்கெட்டுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாராம். ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ராயபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர். ஹார்பரில் கிரேன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரும் லூர்து ஆன்ட்டியும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை.

இங்கே பலருக்கு மாமாவைத் தெரியாது. ஆனால் நான் முன்பு அடிக்கடி எழுதிய அந்த போலந்துப் பெண்ணை ஞாபகம் இருக்கும். அவள் குடியிருந்தது மாமா வீட்டு மாடியில்தான்.

எண்ணூர் கழிமுகத் தண்ணீரைப் பற்றிப் படிக்க இங்கே ஒரு கல்லூரிக்கு ஒரு செமஸ்டர் வந்தவள். ஹாஸ்டலில் இடமில்லை என்று அந்தக் கல்லூரியில் வேலை பார்க்கும் என் தோழி என்னைக் கேட்டாள். நான் மாமாவைக் கேட்டேன்.

வந்த அன்று கையை நீட்டி, "ஆக்னேஷ்கா" என்றாள்.

மாமா என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "இன்னாம்மா இது... எனக்குப் பொண்ணு இருந்தா இது வயசுதான் இருக்கும். இத்தப் போய் நான் ஆக்னேஸ் அக்கான்னு கூப்புடணுமா?"

அக்கா அங்கேயே கட் ஆனது. அன்று முதல் அவள் ஆக்னேஸ். தெருவுக்கும் ஆக்னேஸ், சர்ச்சுக்கும் ஆக்னேஸ்.

எண்ணூரில் பிடித்த தண்ணீரையெல்லாம் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து ஆன்ட்டியின் ஃப்ரிட்ஜில்தான் வைப்பாள். ஒருநாள் நல்ல வெயிலில் வந்த ஆன்ட்டியின் தம்பி, அதில் ஒன்றைத் திறந்து அண்ணாந்துவிட்டார்.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ஆக்னேஸ் போட்டாள் ஒரு சத்தம். "யோவ்! கலீஜ்யா அது! கலீஜ்!"

மச்சான் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடியேவிட்டார். மாமாவுக்கு மச்சானைப் பற்றிய கவலையே இல்லை. "பாத்தியாம்மா... நான் கத்துக் குடுத்தத கரீட்டான எடத்துல சொல்லிச்சு!" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மே மாதம் செமஸ்டர் முடிந்தது. கடைசி வாரம் மாமா சரியாகவே பேசவில்லை.

கேட்டால், "போறவ போவட்டும். ரூம்பு காலியாவும், ஃப்ரிட்ஜும் காலியாவும். நிம்மதி" என்பார். அதே மூச்சில், "மறுபடி எப்ப வருதாம்?" என்று என்னிடமே கேட்பார்.

கிளம்பும் நாள். பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோதான் அனுமதி. மாமா ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"இருவது தாண்டாது. கிரேன் ஓட்டுன கை இது, எனக்குத் தெரியாதா?"

நம்பினோம்.

ஏர்போர்ட்டில் ஆன்ட்டி அழுது, நான் அழுது, ஆக்னேஸ் எல்லோரையும் கட்டிப்பிடித்து உள்ளே போய்விட்டாள். மாமா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி கார் பார்க்கிங்கை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆக்னேஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்ப வந்துவிட்டாள்! "அக்கா... முப்பத்தொண்ணு கீது!"

வாசலில் நின்ற செக்யூரிட்டி நல்ல மனிதர். ஓரமாக வைத்துப் பிரிக்கச் சொன்னார். நெத்திலிக் கருவாடு வந்தது, மிளகாய்த்தூள் வந்தது. அடியில் லுங்கியில் சுருட்டிய ஒரு மூட்டை... ஒரு சின்ன அம்மி. குழவியோடு.

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

"இன்னா பாக்குறீங்க? அந்த ஊர்ல கரண்டு போனா புள்ள சட்னிக்கு இன்னா பண்ணும்?"

"உங்களுக்கு அறிவு கீதா? தூக்கிப் பாத்துட்டு இருவதுன்னு சொன்னீங்களே!" ஆன்ட்டி கத்த, செக்யூரிட்டி அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார்.

நான் அம்மியை எடுத்து வெளியே வைத்தேன். ஆக்னேஸ் அதை எடுத்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். பிறகு தன் பூட்ஸ், தடித்தடிப் புத்தகங்கள், வரும்போது போட்டுவந்த பெரிய பனி ஜாக்கெட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள்.

மாமா பதறினார். "யம்மா, ஜாக்கெட்ட வுட்டுட்டுப் போவாத. அங்க குளுருமே!"

"குளுர் போயிடிச்சு மாமா. நீ வச்சிக்க" என்று அதை அவர் தோளில் போர்த்திவிட்டு ஓடிவிட்டாள்.

வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோவில் திரும்பினோம். மே மாதச் சென்னையில் மாமா அந்த ஜாக்கெட்டை முழுசாக மாட்டி, ஜிப்பை மேலே வரை இழுத்து, தொப்பியை மூக்கு வரை மூடி உட்கார்ந்திருந்தார். ரயில் பெட்டியே அவரைத்தான் பார்த்தது.

"இன்னா மாமா இது?" என்றேன்.

"ஏசி ஓவரா கீதும்மா" என்றார் உள்ளேயிருந்து. குரல் சரியில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் வீடியோ கால். போலந்து தூரம் என்பதால் கத்திக் கத்திப் பேசுவார். அவள் சட்னி அரைக்கும் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததாகச் சொன்ன அன்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்...

இன்று அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மெசேஜ் அனுப்பிய உடனே போன் வந்தது. "இன்னா அக்கா சொல்ற... இன்னா சொல்ற..." அதற்குமேல் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. பிறகு, "ஆன்ட்டியாண்ட குடு" என்றாள்.

காலையிலிருந்து யாரிடமும் வாய் திறக்காத ஆன்ட்டி போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"துண்ணியா ஆக்னேஸு?"

அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ தெரியவில்லை. ஆன்ட்டி போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்து, "எனக்குக் கொஞ்சம் டீ போடச் சொல்றாம்மா" என்றார்.

நாளை மாலை சர்ச்சில் பூசை, பிறகு காசிமேடு கல்லறை. தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

ஆன்ட்டி டீ குடித்துவிட்டார் மாமா. நீங்கள் நிதானமாகப் போங்கள்.