ஸ்பார்ட்டாப் பாடம்

பச்சைக் கொய்யாக் கம்பை ஒடித்த வாசம் இன்று மூக்கில் ஏறியதும், இலங்கையின் பதுளையில் இப்போது இல்லாமல் போய்விட்ட எங்கள் தகரக்கூரைப் பள்ளிக்கூடமும், மழை இரைச்சலையும் மீறி அங்கே கேட்கும் அடிச்சத்தமும் நினைவுக்கு வந்தன. பழைய கிரேக்க தேசத்து ஸ்பார்ட்டாவில் பையன்களைச் சாட்டையால் அடித்துத்தான் வளர்ப்பார்களாம், அழுதால் அவமானமாம். அந்தப் பாடத்தை நடத்திய வாத்தியார் எங்களையும் அப்படியே வரிசையில் நிறுத்திக் கொய்யாக் கம்பால் விளாசுவார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் மகன் முத்தையா மட்டும், முதுகில் ரத்தம் ஊறியும் அழாமல் நிற்பான். ஒருநாள் அவன் கம்பைப் பிடுங்கிக்கொண்டான்.

"இப்ப நீங்க அழாம நில்லுங்க சார், பாப்போம்!"

ஒரே அடிதான். தோளைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் விம்மி விம்மி அழுததை எல்லோரும் பார்த்தோம். மழையில் இறங்கித் தோட்டத்துக்குப் போன முத்தையா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவேயில்லை.