எலித் தளபதிக்கு எழுந்து நின்றவர்

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்துக் கொட்டகை ஒன்றில் ஞாயிறு காலை ஆங்கிலப் படம் போடுவார்கள். முதலில் பதினோரு நிமிடம் ஒரு எலிக் குடும்பத்தின் கார்ட்டூன் ஓடும். எனக்கு முன்வரிசையில் எப்போதும் ஒரு கம்பவுண்டர் உட்காருவார். ஒல்லி உடம்பு, தலை வழிய எண்ணெய், சட்டையில் டிங்சர் கறை நான்கு.

ஒருநாள் அந்த எலிகள், ஊரே பார்த்திருந்த ஒரு போர்ப்படத்தைக் கிண்டல் செய்தன. எலித் தளபதி செத்து விழுந்ததும், அந்தப் படத்தில் செத்த வீரர்களுக்கு மரியாதையாக ஊதிய அதே ராணுவ பியூகிள் ஒலித்தது. கொட்டகையே சிரித்தது. கம்பவுண்டர் மட்டும் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றார். எனக்குத் திரை மறைந்துவிட்டது.

"யோவ், குந்துய்யா! செத்தது எலி!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"மறைக்குது சார். இது வெறும் கார்ட்டூன்," என்றேன் நான்.

"தெரியும் சார். அந்தப் படத்தை மூணு வாட்டி பாத்தேன், மூணு வாட்டியும் இதுக்கு நின்னேன். இப்ப உக்காந்தா, அப்ப நின்னது வேஷம்னு ஆயிடாதா?"

இருபத்திரண்டு விநாடி நின்றார். சுத்தப் பைத்தியம். எலிக்கே இந்த மரியாதை என்றால் பூனைக்கு என்ன செய்வாரோ!

படம் முடிந்து தேசிய கீதம் ஒலித்தபோது, வழக்கம்போல் எல்லோரும் ரயிலைப் பிடிக்க வாசலுக்குப் பாய்ந்தோம். வாசலில் திரும்பி எண்ணினேன். மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அவர்.

எனக்கு ரயில் கிடைத்தது. அவரை இன்றும் பைத்தியம் என்றுதான் சொல்கிறேன். முன்போல் உரக்கச் சொல்வதில்லை.