தஸ்லீம் தன் மேலேயே போடச் சொன்ன வழக்கு

கும்மிடிப்பூண்டி பஜாரில் தஸ்லீமின் ஃபேன்சி ஸ்டோரைத் தெரியாத கம்பெனிப் பெண்கள் இல்லை. ஷிப்ட் விட்டதும் கூட்டமாக வந்து கிளிப், வளையல், பர்ஸ் என்று புரட்டிப் பார்ப்பார்கள். தஸ்லீம் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். பேரத்தில் ஒரு அடி இறங்க மாட்டாள். ஆனால் வாங்கிய பொருள் பிய்ந்துபோனதென்று கொண்டுவந்தால், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பாள். அவள் கடைக்கு இருந்த பேரே அதுதான்.

இரண்டாயிரத்து எட்டில், ரம்ஜானுக்கு முன்னால், அவள் கணவன் ஹனீப் ஒரு வேன் நிறைய பைகளைக் கொண்டுவந்து இறக்கினான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி கழித்துவிட்ட சரக்கு. குழந்தைகள் தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன ரெக்சின் பைகள். தக்காளிச் சிவப்பு, கண்ணைப் பறிக்கிற பளபளப்பு.

"எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுன்றான். எனுக்கு ஒரு கொறையும் தெர்ல" என்றான் ஹனீப்.

தஸ்லீம் தையலை இழுத்துப் பார்த்தாள், ஜிப்பைத் திறந்து மூடினாள். அவளுக்கும் தெரியவில்லை. பண்டிகைக்குள் கடையில் இருந்தது அத்தனையும் போய்விட்டது. மிச்சத்தை ஹனீப் ஊத்துக்கோட்டைக்கும் மீஞ்சூருக்கும் கொண்டுபோய் விற்றுத் தீர்த்தான்.

குறை என்னவென்று ஹெலன் சொன்னாள். அவள் அந்தக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவள். பண்டிகை முடிந்து ஒரு மாதம் கழித்துப் பொட்டு வாங்க வந்தவள், கூட்டம் கலையட்டும் என்று காத்து நின்றாள்.

"அக்கா, அந்தச் செவப்பு பை இன்னும் வச்சிருக்கீங்களா?"

"எல்லாம் பூட்ச்சே. உனக்கு வேணுமா?"

"ஐயோ, வேணாம். அமெரிக்கால தாய்மாருங்க ஒரு சங்கமா சேந்து கேஸ் போட்டாங்களாம். அந்தக் கலர்ல ஈயம் கீதாம். கொழந்தைங்க வாயில வச்சா மூளைக்கே ஆவாதாம். கோர்ட்டு விக்கக் கூடாதுன்ட்ச்சி. அதான் கப்பல்ல போனதெல்லாம் திரும்பி வந்துச்சு. அழிச்சிடப் போறோம்னு தான் மேனேஜர் சொல்லிக்கினு இருந்தாரு. பாத்தா உங்க கடையில தொங்குது."

ஹெலன் போன பிறகு தஸ்லீம் கையைக் கழுவினாள். கல்லாவில் வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து போய்க் கழுவினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பைகள் அவள் கண்ணில் படத் தொடங்கின. விற்கும்போது அவை இவ்வளவு இருந்ததாகவே அவளுக்குத் தோன்றியதில்லை. இப்போது பள்ளிக்கூட வாசலில் சிவப்பு. மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயில் ஜன்னலுக்குள்ளே சிவப்பு. உறவுக்காரர் நிக்காஹ்வில், மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற சிறுமியின் தோளில் சிவப்பு. யாருமில்லாத சந்தில் ஒரு வேலிமேல் காயப் போட்டிருந்ததைக் கண்டு, யாரோ தன்னையே உற்றுப் பார்ப்பது போல உணர்ந்து வந்த வழியே திரும்பி நடந்தாள். வெறும் சிவப்புத் துணியைப் பார்த்தாலும் பையோ என்று நின்றுவிட்டாள்.

ஒருநாள் ஷேர் ஆட்டோவில் எதிரே மேரி உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகக் கடைக்கு வருகிறவள். மடியில் இரண்டு வயதுப் பையன் பென்னி. அவன் வாயில் அந்தப் பையின் வார். சின்னப் பற்களால் அதைக் கடித்துச் சப்பிக்கொண்டிருந்தான். வார் ஓரத்தில் சாயம் வெளுத்திருந்தது.

"மேரி, அத்தப் புடுங்கு! புடுங்கு மொதல்ல!" என்று தஸ்லீம் கத்தினாள். ஆட்டோவே திரும்பிப் பார்த்தது. பையன் வீறிட்டு அழுதான்.

மறுநாளிலிருந்து அவள் வாங்கினவர்களைத் தேடிப் போனாள். விஷயத்தைச் சொல்லிப் பையைத் திருப்பிக் கேட்டாள். சிலர் கொடுத்தார்கள். சிலர், பைக்குள் ஏதோ விலை உயர்ந்தது மறந்து வைத்திருக்கிறாள் போல என்று ஒளித்து வைத்துக்கொண்டார்கள். வந்தவற்றை மூட்டையாகக் கட்டிக் கடைக்குப் பின்னால் போட்டாள். எரித்தால் புகை யார் மூக்கில் ஏறுமோ, புதைத்தால் எந்தக் கிணற்றில் இறங்குமோ. அந்த மூட்டை அங்கேயே கிடந்தது.

ஹனீபுக்குப் பொறுக்கவில்லை. "அமெரிக்காக்காரன் தும்மினாக்கூட கேஸ் போடுவான். நம்ம புள்ளைங்க இந்தக் கம்பெனிப் பொகையிலயே வளருதுங்கோ. வித்தது வித்ததுதான். சும்மா பேஜாரு பண்ணாத."

"வித்தது நான் தானேங்க. என்னை நம்பித்தானே வாங்குனாங்க."

கம்பெனி மேல் வழக்குப் போடுவதென்று அவள் திருவள்ளூருக்கு வக்கீல் பூவராகவனிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நீங்க நுகர்வோர் இல்லம்மா. விக்கறதுக்காக வாங்குனவங்க நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது. உங்க கிட்ட வாங்கினாங்களே, அவங்க போடலாம். ஆனா அதுல முதல் எதிர்த்தரப்பு நீங்கதான். கம்பெனி உங்களுக்கு அப்புறம்தான்."

தஸ்லீம் அன்றைக்கே மேரி வீட்டுக்குப் போனாள்.

"என்ன பாயம்மா, உங்க மேலயே கேஸ் போடச் சொல்றீங்க?" மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னைக் கேட்டாத்தான் அந்தக் கம்பெனிக்காரனைக் கேக்க முடியுமாம்மா. போடு."

மேரியின் கணவன் பாக்கியநாதன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கம்பெனியில் வேலை. அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். பென்னி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டான். அவன் பையனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, "கொழந்த விஷயம் மேரி. போட்டுடு" என்றான்.

மேரிக்காக வழக்கை எடுத்துக்கொண்ட பூவராகவன் சொன்னபடி சென்னையில் பென்னிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஈயம் இருந்தது, இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. பையின் வாரைச் சோதித்ததில் அதிலும் இருந்தது. "பையிலேர்ந்துதான் போயிருக்கு, இல்லையா டாக்டர்?" என்று தஸ்லீம் கேட்டாள். டாக்டர், "எது வழியா போச்சுன்னு ரத்தம் சொல்லாதும்மா" என்றார். அந்தப் பதிலை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரணையில் தஸ்லீம் ஒன்றையும் மறுக்கவில்லை. பை தன் கடையில் விற்றதுதான், ஏன் கழித்தார்கள் என்று விசாரிக்காமல் வாங்கியது தன் தப்புதான் என்று ஒத்துக்கொண்டாள். சொல்லி முடித்தபோது, பல மாதங்களாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது போல இருந்தது. பிறகு பைக் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். அவர் பையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"உங்க கணவர் எங்க வேலை செய்றார்?" என்று மேரியைக் கேட்டார்.

மேரி சொன்னாள்.

"வேலைச் சட்டையோடவே வீட்டுக்கு வருவாரா?"

"ஆமா சார்."

"வந்ததும் குழந்தையைத் தூக்குவாரா?"

மேரி பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பாக்கியநாதன் அங்கே உட்கார்ந்திருந்தான். அவன் வேலைச் சட்டையின் மடிப்புகளில் எப்போதும் பேட்டரி ஈயத்தின் சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். பையன் அதில்தான் முகத்தைப் புதைப்பான். அந்தச் சட்டையைப் பையனின் துணியோடு ஒரே வாளியில்தான் மேரி துவைப்பாள். பாக்கியநாதன் தன் இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி, உடம்பில் படாமல் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டதை தஸ்லீம் பார்த்தாள்.

தீர்ப்பு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பையில் ஈயம் இருந்தது உண்மை. தெரிந்தே விற்றது கம்பெனியின் தவறு. மிச்சச் சரக்கை அழிக்க வேண்டும். மேரிக்குக் கம்பெனியும் கடைக்காரியும் நஷ்டஈடு தர வேண்டும். குழந்தையின் ரத்தத்தில் ஏறியது அந்தப் பையால்தான் என்று மட்டும் நிரூபணமாகவில்லை. அழிப்பதற்குக் கம்பெனி கிடங்கில் ஒரு பைகூட மிச்சமில்லை. எல்லாம் எப்போதோ வேறு ஊர்களுக்குப் போய்விட்டிருந்தன. தஸ்லீமின் மூட்டையை மட்டும் ஒரு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

"ஜெயிச்சிட்டோம்மா" என்றார் பூவராகவன்.

அந்த வாரமே தஸ்லீம் மேரி வீட்டுக்குப் போனாள். பாக்கியநாதன் பேட்டரிக் கம்பெனியை விட்டு நின்று மாதங்கள் ஆகியிருந்தன. ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்துகொண்டு, வாரத்துக்கு ஒருமுறை வந்துபோனான். பென்னியின் ரத்தத்தில் ஈயம் குறைந்துகொண்டே வருகிறதாம். டாக்டருக்குச் சந்தோஷம் என்று மேரி சொன்னாள்.

பாக்கியநாதன் வெளியே குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை சோப்புப் போடுகிறான் என்றாள் மேரி. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தவனிடம் பென்னி ஓடினான். பாக்கியநாதன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"அப்பா இன்னும் குளிக்கலடா கண்ணு. அம்மா கிட்ட போ."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தஸ்லீமைப் பார்த்து, "வாங்க பாயம்மா. நீங்க கேஸ் போடச் சொல்லலன்னா எனுக்கு இது தெரிஞ்சே இருக்காது" என்றான்.

தஸ்லீம் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா, நன்றி இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேரி டீ கொண்டுவந்து வைத்தாள். பென்னி, சுவரோடு ஒட்டி நின்ற அப்பாவுக்கு முன்னால் நின்று, தூக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டே இருந்தான்.