பாறையடியில் சின்ன கேமரா

மாமல்லபுரத்துக்கு வந்து, வெண்ணெய் உருண்டைப் பாறையை ஒற்றைக் கையால் தாங்குவதுபோலப் படம் எடுத்துக்கொள்ளாமல் வீடு திரும்பிய மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தப் படத்தை எடுத்துக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருவன். எட்டாவதோடு பள்ளியை விட்டேன். லாரியில் கிளீனர், கோவாவில் தட்டு கழுவுகிறவன், கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிக்கிறவன் என்று சுற்றிவிட்டு நான்கு வருடமாக இங்கே நிற்கிறேன். இவ்வளவு நாள் எங்கும் நின்றதில்லை.

இங்கே வருகிறவர்கள் படத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. எவன் கழுத்தில் பெரிய கேமரா தொங்குகிறதோ அவன்தான் கலைஞன். அதனால் நாங்கள் எல்லோரும் சக்திக்கு மீறிப் பெரியதாக வாங்கி, அதை ஆட்டோ மோடில் வைத்துவிட்டு, அப்புறம் எதையும் தொடுவதில்லை. என் கேமராவில் மோடு மாற்றுகிற திருகு உப்புக்காற்றில் இறுகிப்போனதே எனக்குப் பல மாதம் தெரியாது. திருப்பினால்தானே தெரியும்.

இந்த வருடம் இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கழுத்தில் நரம்பு நசுங்குகிறது, இனியும் கனமாகத் தொங்கவிட்டால் கை விளங்காமல் போகும் என்றார் செங்கல்பட்டில் ஒரு டாக்டர். தொங்கவிடாவிட்டால் பிழைப்பு போகும். அதற்கு அவரிடம் மாத்திரை இல்லை.

அதே ஊரில் பழைய கேமரா வாங்கி விற்கிற ஒருவர், பெரியதை எடுத்துக்கொண்டு சின்ன எஸ்எல்ஆர் கேமரா ஒன்று தருவதாகச் சொன்னார். படம் பழகுகிறவர்கள் வாங்குவது. பாதி எடைகூட இல்லை. "ஒரு நாள் வச்சிப் பாரு நைனா. பெரிசு இங்கியே கெடக்கட்டும்."

மறுநாள் அதோடு போய் நின்றேன். பக்கத்தில் நிற்கிற போட்டோகிராபர் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, ஸ்கூல் டூருக்கு வந்த மாதிரி கீது?"

"கை வலி."

"கை வலின்னா வூட்ல படு. இங்க வந்து ஏன் எங்க மானத்த வாங்கிகினு கீற?"

மானமாம். பாறை உள்ளங்கையில் உட்காராமல் ஒரு முழம் தள்ளிப் பறக்கிற மாதிரி தினமும் எடுத்துக் கொடுக்கிறவன் அவன். நானும் அப்படித்தான் எடுத்தேன். பாறை கையில் உட்கார வேண்டுமென்றால் கேமரா தரையோரம் இறங்க வேண்டும்; பெரியதைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க யார் படுத்து எழுந்திருப்பது? சின்னதில் திரை வெளியே திரும்பியது. குந்தி உட்கார்ந்து கீழே பிடித்தால் போதும். நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பாறை சரியாகக் கைமேல் உட்கார்ந்தது.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு எல்லோரிடமும் நீட்டினேன். சூப்பர் என்று சொல்லிவிட்டுப் பெரிய கேமராக்காரனிடம் போனார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் மட்டும் நின்று, "இதுக்கு என் போனே போதும்பா" என்று விளக்கம் சொன்னார். போனில் எடுத்ததைக் காட்டவும் செய்தார். பாறை முழுசாக இருந்தது. மனைவிக்குத் தலை இல்லை.

பொழுது சாய்வதற்குள் வந்தது மூன்றே பேர். செங்கல்பட்டு கேமராக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தபடி பெட்டிக்குள் கைவிட்டு, கேமராவுக்கு அடியில் மாட்டுகிற தடித்த பிளாஸ்டிக் பிடி ஒன்றையும், லென்ஸ் முனைக்கு வாய் அகன்ற ரப்பர் குழல் ஒன்றையும் எடுத்து மாட்டினார்.

"உள்ள ஒன்னியும் இல்ல, காத்து. ஆனா பெரிசா கீது இல்ல?"

இருந்தது. தூக்கிப் பார்த்தேன், கனக்கவில்லை. வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது, வெட்கம் வரவில்லை. பெரியதை அவரிடமே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை, தன் மனைவியையும் மச்சினனையும் ஓரமாக நிற்க வைத்துவிட்டு ஒருவர் நேராக என்னிடம் வந்தார். கேமராவை மரியாதையோடு பார்த்தார்.

"புரொபஷனல் போல. செம வெயிட்டா இருக்குமே?"

"வெயிட்டுதான் சார். பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கச் சொன்னேன்.