உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை

1. முதல் நாள்

சுனாமிக்குப் பிறகு நான் பார்த்த வேலையை என் அண்ணன் இன்றுவரை வெளியில் 'ஒபிஸ் வேலை' என்றுதான் சொல்கிறார். நான் அப்படிச் சொல்வதில்லை. புருஷன் பெண்சாதியின் படுக்கைப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலருக்கு உதவியாளராக இருந்தேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்தக் கவுன்சிலர் டோறத்தி மிஸ். மட்டக்களப்பு டவுனில் போர்த்துக்கீச வழிவந்த பறங்கிப் பெண், என்னைவிட நாலு வயது இளையவர். முதல் நாளே சொன்னார்:

"அக்கா, இஞ்ச 'அந்த விசயம்' எண்டு ஒண்டும் இல்ல. எல்லாத்துக்கும் பேர் இருக்கு. பேரச் சொல்லிக் கதைக்க ஏலாதெண்டா இப்பவே பஸ் ஏறுங்க."

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் பஸ் ஏறவில்லை.

வாவிக்கரை முகாமில் கடைசித் தகரக் கொட்டில்தான் எங்கள் அறை. ஒரு மேசை, மூன்று கதிரை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு. மற்றக் கொட்டில்களுக்குத் தொங்கவிட்ட படங்குச் சீலைதான் கதவு.

2. யோகனும் மலரும்

யோகன் வாவியில் வலை போடுகிறவன். அந்தியில் தோணி எடுத்தால் விடியத்தான் கரைக்கு வருவான். அவனும் மலரும் ஒரே பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். அதன் பிறகு மலர் அவனைக் கிட்ட அண்ட விடவில்லை.

"இனி ஏலாது மிஸ். மாமாங்கக் கோயில் திருவிழா முடிய எங்கட அம்மாட ஊருக்கே போறன்" என்றான்.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்த ஆண் பெண்சாதி வீட்டில்தான் இருப்பான். அவன் தாய்வீட்டுக்குத் திரும்பினால் கலியாணம் முறிந்தது என்றுதான் அர்த்தம்.

துக்கம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டி, பைலிலும் எழுதிவிட்டேன். மூன்று கிழமை பிள்ளையைப் பற்றியே கேட்டோம். ஐயோ, என்ன மடத்தனம்! நாலாம் கிழமை மலர் வெடித்தாள்.

"என்னகா, திரும்பத் திரும்ப அதையே கேக்கிறீங்க? எனக்கு அவரும் வேணும், புள்ளயும் வேணும். அவர் பகலிலதான் வீட்ட. பகல் முழுக்க எங்கட அம்மா பக்கத்தில இருந்து வெத்தில இடிக்கிறா. நான் என்ன செய்ய?"

மகள் கலியாணம் முடித்தால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவில் சின்னக் குடில் போட்டு ஒதுங்குவது எங்கள் வழக்கம். கடல் வீட்டையும் குடிலையும் சேர்த்தே கொண்டுபோனது. கொட்டில் கொடுக்க வந்தவர்கள் யோகன், மலர், தாய் மூன்று பேரையும் ஒரே குடும்பம் என்று எழுதி ஒரே கொட்டிலைக் கொடுத்தார்கள். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைக்காத ஊரில்! அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கே அது உறைக்கவில்லை.

டோறத்தி மிஸ் மேசை லாச்சியைத் திறந்து அறைப் பூட்டின் திறப்பை எடுத்து மலரின் கையில் வைத்தார்.

"மத்தியானம் ரெண்டு மணித்தியாலம் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். பாய் கொண்டு வாங்க."

3. கமிட்டி

விஷயம் பரவி இன்னும் மூன்று சோடிகள் திறப்புக் கேட்டு வந்தார்கள். பிறகு முகாம் கமிட்டித் தலைவரும் வந்தார்.

"முகாம என்னெண்டு நினைச்சீங்க? சீ! திறப்பத் தாங்க."

"எல்லாரும் தாலி கட்டினவங்க. தரமாட்டன்" என்றேன். "புருசனும் பெண்சாதியும் சேர்ந்து இருக்கப்படாது எண்டு எழுதிக் கையெழுத்து வைங்க. மறுகா பாப்பம்."

"நாளைக்கு ஆக்களோட வந்து கதவ உடைக்கிறன்."

சொன்னபடியே மறுநாள் மத்தியானம் நாலு பேரோடு வந்தார். யோகனும் மலரும் உள்ளே இருந்தார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். ஆனால் வாசலில் எனக்கு முன்பே ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். மலரின் தாய், வெற்றிலை உரலோடு. மருமகன் முன்னால் வாய் திறந்து ஒரு வார்த்தை கதைக்காத மனுசி!

"தம்பி, எண்ட மகள்ட வீட்டு வாசலில நான் இருக்கன். உள்ளுக்குப் போறதெண்டா என்னத் தாண்டிப் போ."

சொல்லிவிட்டு வெற்றிலை இடிக்கத் தொடங்கினார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். தலைவர் கடைசியாகப் போனார்.

மாமாங்கத் திருவிழா முடிந்தது. யோகன் எங்கும் போகவில்லை.

4. படிவம்

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து வர, மறுபடியும் தகரக் கொட்டில்கள் எழுந்தன. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஆளின் மனதைக் கேட்கமுன் அவர் படுக்கிற இடத்தைப் போய்ப் பாருங்கள்.

அந்தப் புது முகாமின் தேவைகளைக் கேட்டு ஓர் அதிகாரி படிவம் தந்தார். முதல் வரியில் எழுதினேன்: உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை, ஒன்று.

"இதெல்லாம் அத்தியாவசியமா?" என்று சிரித்துக்கொண்டே அதை வெட்டினார்.

படிவத்தை வாங்கித் திரும்ப எழுதினேன். இந்த முறை இரண்டு என்று.